மோதினார் முகம் திருப்பும் இடம்

என் இளைய மகள் ஸஹ்றா மேல்மாடி அறையில் ஒலிப்பதிவு செய்கிறாள். சிறுவர் கதை, விளம்பரம், மார்க்க உரை என்று எல்லாவற்றையும் பதிந்து கொடுக்கிறாள். போன மாதம் என்னை மேலே கூப்பிட்டுக் கம்பியூட்டர் திரையில் சத்தத்தைத் திருகுகிற ஒரு குமிழைக் காட்டினாள். குமிழுக்குப் பக்கத்தில், பழைய ரேடியோக்களில் இருக்கிற கண்ணாடி வால்வு ஒன்று செம்மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. மெய்யான வால்வு இல்லை, படம்தான். எரிவது மட்டும் மெய்யைப் போலவே எரிந்தது.

"இதக் கூட்டினா சத்தம் கொஞ்சம் உடையுது வாப்பா. ஆனா எல்லாரும் கூட்டித்தான் வைக்காங்க. குரலுக்கு ஒரு சூடு வருதாம். இது பழுதா, வடிவா?"

வடிவு என்றால் எங்கள் பக்கத்தில் அழகு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, சத்தம் உடைந்தால் கலியாண வீட்டுக்காரர்கள் எங்களை அடிக்க வருவார்கள். இப்போது உடைவதற்கென்றே ஒரு குமிழ் வைத்து, அதற்கு விளக்கும் ஏற்றியிருக்கிறார்கள். என் பதில் ஒரு பள்ளிவாசலில் கிடக்கிறது. அதை எழுதித்தான் காட்ட வேண்டும்.

கல்முனைப் பெரிய ரோட்டில் ஓர் ஒலிபெருக்கிக் கடை. வாடகைக்குச் செற் கொடுப்பதும் திருத்துவதும் அங்கே தொழில். நடத்தியவர் தங்கராசா மாஸ்டர், பாண்டிருப்புக்காரர். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவர் அல்லர். ரேடியோவின் மூடியைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரிந்த எவரையும் எங்கள் ஊரில் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் சேர்ந்து நாலைந்து வருடம் தென்னையில் ஏறிக் கோன் என்கிற புனல் ஒலிபெருக்கி கட்டினேன், வயர் சுற்றினேன், ஈயம் வைத்தேன், கை சுட்டுக்கொண்டேன். அந்தக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் அப்படித்தான் தொழில் பழகினார்கள்.

ஆனால் மாஸ்டரைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. அவர் கடையில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. செற் பூட்டி முடித்ததும் நான் வெளியே போய்க் கேட்டுவிட்டு வந்து, "நல்லாரிக்கி மாஸ்டர்" என்பேன். மனிதருக்குக் கோபம் வந்துவிடும்.

"நல்லாயிருக்கெண்டு மாப்பிள்ள பாக்கப் போன இடத்தில சொல்லு. சத்தத்துக்குச் சொல்லாத. என்ன கேக்குது? அதச் சொல்லு."

அப்படித்தான் எனக்குப் பாஷை வந்தது. மூக்கால் கதைக்கிறது, பல்லுக்குள் மணல் கிடக்கிறது, குடத்துக்குள் இருந்து கூப்பிடுகிறது, வெற்றிலை போட்ட வாயால் கதைக்கிறது. இப்படிச் சொன்னால்தான் அவருடைய கை குமிழுக்குப் போகும். அவர் வாயிலும் எப்போதும் வெற்றிலை இருக்கும். ஒரு குமிழைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்ததும் விரல் நுனியில் இருக்கிற சுண்ணாம்பை அதன் ஓரத்தில் ஒரு பொட்டாக வைத்துவிடுவார். கல்முனையில் இருந்து பொத்துவில் வரைக்கும் எங்கள் கடை கைவைத்த செற் எல்லாவற்றிலும் அந்த வெள்ளைப் பொட்டு இருந்தது.

மைக்கைச் சோதிப்பதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. மற்றவர்கள் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பார்கள். மாஸ்டர் மைக்குக்கு நேரே நிமிர்ந்து நின்று மீன் பெயர் சொல்லுவார். "சூடை. பாரை. அறக்குளா. கும்புளா." சூடை சீறினால் கூர்மை கூடிவிட்டது. பாரை இடித்தால் தடிப்பு கூடிவிட்டது. அறக்குளா உருண்டு தெளிவாக விழுந்தால் நடுச்சத்தம் சரி. இத்தனைக்கும் மாஸ்டர் வாழ்நாளில் மீன் தொடாத சைவம். "மீனச் சொல்லத்தான் சொன்னவங்க, தின்னச் சொல்லல்லயே" என்பார்.

சத்தம் உடைவதை ஒருவன் விரும்பிக் கேட்பான் என்று நாங்கள் முதன்முதலில் அறிந்தது அறுகம்பேயில். அலையில் பலகை ஓட்ட வந்த வெள்ளைக்காரர்கள் அப்போது ஓலைக் குடில்களில் தங்கியிருப்பார்கள். ஒரு விடுதிக்காரர் ஏதோ விருந்தென்று எங்கள் வால்வு அம்ப்ளிஃபயரைக் கேட்டிருந்தார். பின்னேரம் கொண்டுபோய்ப் பூட்டினோம். தாடி வைத்த ஒருவன் தன் கிற்றாரின் வயரை மைக் குத்துகிற ஓட்டையில் குத்தினான். மைக் குமிழை முழுதாகத் திருகிவிட்டு ஒரு தட்டுத் தட்டினான். சத்தம் கிழிந்தது. மாஸ்டர் பதறிப்போய்க் குமிழைக் குறைக்க ஓடினார். அவனோ இரண்டு கையையும் விரித்து அவரை மறித்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"பழுதக் கேட்டு வாங்கிறான் கபூர்" என்றார் மாஸ்டர், என் பக்கம் திரும்பி.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். அவனுடைய மைக் குமிழை அப்படியே விட்டுவிட்டுக் கடைசிக் குமிழை மட்டும் குறைத்தார். சத்தம் சின்னதாகிவிட்டது, ஆனால் கிழிசல் அப்படியே இருந்தது. வரும் வழியில் பஸ் அக்கரைப்பற்றில் நின்றது. அங்கே தேத்தண்ணி குடிக்க இறங்கியபோதுதான் சொன்னார்.

"சத்தம் கூடினதால உடையல்ல. முன்னுக்க இருக்கிற வால்வு உடைக்கிது. அப்ப, உடைக்கிற அளவயும் ஊருக்குக் கேக்கிற அளவயும் வேற வேறயா வைக்க ஏலும்."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மைக்கில் இருந்து வருகிற சத்தம் மிகச் சின்னது. அம்ப்ளிஃபயர் எடுக்கிற அளவுக்கு அதை முதலில் பெருப்பிக்கிற பகுதிதான் பிரீஅம்ப். அதற்குள் தாங்க முடியாத சத்தம் வந்தால் ட்ரான்சிஸ்டர் ஒரு விதமாகவும் வால்வு இன்னொரு விதமாகவும் நடக்கும். பதிந்த கதவுநிலை உள்ள வாசலில் உயரமான மனிதன் நுழைவதை நினைத்துக்கொள்ளுங்கள். ட்ரான்சிஸ்டர் நேரே போய் மண்டையை இடித்துக்கொள்ளும். வால்வு குனிந்து போகும். குனிகிறபோது உருவம் கொஞ்சம் மாறத்தான் செய்யும். அந்த மாற்றத்தைத்தான் நாங்கள் பழுது என்றோம், தாடிக்காரன் வடிவு என்றான்.

இதெல்லாம் எங்களுக்கு விளையாட்டாகத்தான் இருந்தது, மருதமுனைப் பள்ளிவாசல் ஒன்றில் இருந்து ஆள் வரும் வரைக்கும்.

அந்தப் பள்ளியில் பல வருடமாக ஒரு வால்வு செற் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் சவூதிக்குப் போன பிள்ளைகள் சேர்ந்து புதிய ட்ரான்சிஸ்டர் செற் ஒன்று எடுத்துக் கொடுத்தார்கள். அது கரண்ட் இல்லாவிட்டாலும் கார் பற்றரியில் வேலை செய்யும். பூட்டிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். மாஸ்டர் மீன் பெயர் சொன்னார், நான் வெளியே நின்று கேட்டேன், ஒரு குறையும் இல்லை. சுண்ணாம்புப் பொட்டு வைத்துவிட்டு வந்தோம்.

ஒரு மாதம் போகவில்லை, தலைமை மரைக்கார் கடைக்கு வந்தார். மரைக்கார் என்றால் எங்கள் பக்கத்தில் பள்ளி நிர்வாகத்தில் இருக்கிறவர். இவர் நீதியான மனிதர், ஆனால் எதையும் தள்ளிப்போட மாட்டார்.

"செற்றில பிழையில்ல. மோதினார்ட சத்தம்தான் தேஞ்சு போச்சு. பாங்குட நடுவுல சத்தம் துப்பரவா இறங்குது. போன மாசம் காய்ச்சல்ல கிடந்தவர்தானே. சனம் குறை சொல்லுது. நோம்பு வரப்போகுது. வேற ஒரு பொடியனப் பார்த்து வச்சிரிக்கம். அதுக்கு முந்தி நீங்க ஒருக்கா வந்து பாருங்க. உங்களால ஏலாட்டி நாங்க முடிவெடுக்கணும்."

மோதினார் பெயர் மீராலெப்பை. ஐந்து நேரமும் பாங்கு சொல்லி ஊரைத் தொழுகைக்குக் கூப்பிடுவது அவர் வேலை. சாய்ந்தமருதுக்காரர். இளமையில் சைக்கிளில் மீன் விற்றவர். கலியாணம் முடித்துப் பெண் வீட்டோடு மருதமுனைக்கு வந்து, இந்தப் பள்ளியில் பாங்கு சொல்லத் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவரிடம் வேறு ஒன்றும் இல்லை. நிலம் இல்லை, கடை இல்லை. அந்தக் குரல்தான் அவருடைய இடம். சத்தம் தேய்ந்துவிட்டது என்று ஊர் சொல்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். நாங்கள் போனபோது மனிதர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பாயைத் தட்டி விரித்துக்கொண்டிருந்தார்.

அன்று லுஹர் என்கிற மத்தியானத் தொழுகைக்கு மாஸ்டர் செற் இருந்த பக்கத்து அறையில் நின்றார். நான் வழக்கம்போல வெளியே ரோட்டில் நின்றேன். பாங்கு கணீரென்று தொடங்கியது. நடுவில் மெய்யாகவே இறங்கிப்போனது. மாஸ்டர் குமிழைக் கூட்டினார். அடுத்த "அல்லாஹு அக்பர்" ட்ரான்சிஸ்டரில் மண்டையை இடித்துக் கறகறவென்று உடைந்தது. குறைத்து வைத்தால் நடுவில் ஒன்றுமே கேட்காது. பாங்கு முடிந்ததும் மாஸ்டர் மைக்குக்கு முன்னால் நின்று சூடை, பாரை சொன்னார். சுத்தமாகக் கேட்டது. அடுத்தடுத்த பாங்குகளுக்கு மைக்கை மாற்றினோம், வயரை மாற்றினோம். மீன் எப்போதும் சரி, பாங்கு எப்போதும் பிழை. எனக்கும் மோதினாரில்தான் குறை என்று தோன்றத் தொடங்கிவிட்டது.

வயர் பார்க்க ரோட்டோரமாக வந்தபோது ஒரு தறிக் கொட்டிலில் இருந்து ஒரு பெண் என்னைக் கூப்பிட்டார். மோதினாரின் மகள் பரீதா ராத்தா. அக்காவை நாங்கள் ராத்தா என்போம். நாலைந்து பெண்கள் அங்கே கைலிச் சாரம் நெய்துகொண்டிருந்தார்கள்.

"தம்பி, வாப்பாட சத்தத்துக்கு ஒண்டுமில்ல. வீட்டுக்குள்ள ஓதினா பக்கத்து வளவுக்குக் கேக்கும். இந்தப் புதுச் செற் வந்த பொறகுதான் இந்தக் கரச்சல். நாங்க பாங்கு கேட்டா தறிய நிப்பாட்டுவம். இப்ப 'ஹய்ய அலஸ் ஸலாஹ்' வாற இடத்தில சத்தம் இல்லாமப் போகுது. முடிஞ்சிட்டு எண்டு நினைச்சு நாங்க தறிய மிதிச்சிடுறம். மறுகா திடீரெண்டு 'அல்லாஹு அக்பர்' எண்டு வருது. வெக்கமாப் போயிடுது."

"எப்பயும் அந்த இடத்திலயா ராத்தா?"

"ஓம். எப்பயும் அந்த இடத்திலதான்."

'தொழுகைக்கு வாருங்கள்' என்பது அதன் அர்த்தம். ஊருக்கு எல்லாம் கேட்கிறது, கூப்பிடுகிற சொல் மட்டும் கேட்கவில்லை.

நான் ஓடிப்போய் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த வயரைக் கீழே வைத்தார்.

"செற் பழுதெண்டா சொல்லப் பாத்துப் பழுதாகாது கபூர். தொண்ட பழுதெண்டாலும் அப்பிடித்தான்."

அடுத்த பாங்குக்கு அவர் செற்றை விட்டுவிட்டு வெளியே வந்து, மோதினார் நிற்கும் அறையின் ஜன்னல் ஓரமாக நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். மோதினார் காதில் விரல் வைத்து, மைக்குக்கு முன்னால் நின்று தொடங்கினார். அந்த இடம் வந்தது. மாஸ்டர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"கபூர், அவர் ஏன் அங்கால கிறுகிறார்?"

கிறுகுவது என்றால் எங்கள் பேச்சில் திரும்புவது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். பாங்கு சொல்கிறவர் 'தொழுகைக்கு வாருங்கள்' என்று கூப்பிடும்போது முகத்தை வலப்பக்கம் திருப்புவார். 'வெற்றிக்கு வாருங்கள்' என்னும்போது இடப்பக்கம் திருப்புவார். நெஞ்சு தொழும் திசையான கிப்லாவை விட்டு அசையாது, முகம் மட்டும் திரும்பும். மைக் இல்லாத காலத்தில் இரண்டு பக்கத்துச் சனத்துக்கும் கேட்க வேண்டும் என்று தொடர்ந்து வந்த வழக்கம். எனக்கு மதறசாவில் சொல்லித் தந்ததுதான். ஆனால் பாங்கு எனக்குக் காதுக்கு உரிய விஷயம். பிறந்த நாள் முதல் கேட்டிருக்கிறேன், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. மாஸ்டருக்கோ அது புதுசு. அதனால் அவர் கண்ணில் பட்டது. மீன் பெயர் சொல்கிறவரும் நேரே பார்த்துத்தான் சொல்லுகிறார். எங்கள் சோதனையில் இந்தப் பிழை ஆயுளுக்கும் அகப்பட்டிருக்காது.

பழைய செற்றில் இது ஏன் தெரியவில்லை என்பதும் அப்போதே விளங்கிவிட்டது. அதன் முன் வால்வு நேர்ச்சத்தத்துக்குக் குனிந்துகொடுத்திருக்கிறது. அதனால் நேரே சொன்னதும் திரும்பிச் சொன்னதும் ஊருக்குக் கிட்டத்தட்ட ஒரே அளவாகக் கேட்டிருக்கின்றன. அப்படி வேலை செய்யும் என்று யாரும் நினைத்து வைக்கவில்லை. அந்தச் செற்றுக்கு அதுதான் சுபாவம்.

மரைக்காருக்கு விஷயத்தைச் சொன்னோம். அவர் சுருக்கமாக முடிக்கப் பார்த்தார்.

"இப்ப மைக் இரிக்கிதானே மோதினார். நேர பார்த்துச் சொல்லுங்களன்."

"மைக் வர முந்தியும் நான் திரும்பினவன் மரைக்கார். நபி காட்டின வழி, சுன்னத்து அது."

ஆனாலும் மரைக்காரின் சொல்லுக்காக ஒரு நேரம் முயன்று பார்த்தார். அந்தச் சொல் வந்ததும் முகம் தானாகவே வலப்பக்கம் போய்விட்டது. முடித்துவிட்டு வந்து, "கழுத்துக்குச் சொல்லித்தான் பார்த்தன், அது கேக்குதில்ல" என்றார். மரைக்காரும் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, "அப்ப பொடியன்தான் சரிவருவான் போல, அவன்ட தொண்டை எந்தப் பக்கம் திரும்பினாலும் கேக்கும்" என்றார். மோதினாரின் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. மாஸ்டர் அதைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் தாங்க மரைக்கார்" என்றார்.

இரண்டு பக்கமும் இரண்டு மைக் வைத்தால் தீராதா என்று கேட்பீர்கள். அதையும் செய்தோம். கூரையில் இருந்த கோனின் சத்தம் மைக்குகளுக்குள் திரும்பி வந்து கூவத் தொடங்கியது. முகம் ஒன்றில் இருந்து மற்றதுக்குப் போகிற வழியில் குரல் குடத்துக்குள் விழுந்து எழும்பியது. கழற்றி வைத்துவிட்டோம்.

பிறகுதான் மாஸ்டர் பள்ளியின் சாமான் அறையில் கிடந்த பழைய வால்வு செற்றைக் கேட்டு வாங்கினார். அதன் முன் வால்வையும் ட்ரான்ஸ்போமரையும் கழற்றினார். சின்ன வால்வு அது, ஒரே கண்ணாடிக்குள் இரண்டு பேர் வேலை செய்கிற மாதிரி இரண்டு பாதி இருக்கும். ஒரு பிஸ்கற் ரின்னின் தகரத்தைத் துளைத்து அதற்குள் பூட்டினோம். முதல் நாள் "ம்ம்ம்" என்ற இரைச்சல் மட்டும்தான் வந்தது. ட்ரான்ஸ்போமரை ரின்னுக்கு வெளியே தூரமாக வைத்து, வால்வைச் சூடாக்குகிற இரண்டு வயரையும் கூந்தல் பின்னுகிற மாதிரி இறுக்கிப் பின்னியதும் இரைச்சல் அடங்கியது.

வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது. வால்வின் முதல் பாதி சத்தத்தைப் பெருப்பிக்கும். அதற்கும் இரண்டாம் பாதிக்கும் நடுவில் ஒரு குமிழ். அதைக் கூட்டினால் இரண்டாம் பாதிக்குள் தாங்காத சத்தம் போய், அது குனியத் தொடங்கும். வெளியே வருகிற இடத்தில் இன்னொரு குமிழ். அது ட்ரான்சிஸ்டர் செற்றுக்குள் போகிற அளவைக் குறைத்துக்கொள்ளும், அங்கே மண்டை இடிக்காது. அறுகம்பேயில் தாடிக்காரன் காட்டிக்கொடுத்ததுதான். அவனுக்குக் கிழிய வேண்டியிருந்தது, எங்களுக்குக் குனிந்தால் போதும்.

குனிய வைத்தபோது புதிய தொல்லை ஒன்று வந்தது. மாஸ்டர் மைக்குக்குக் கிட்ட நின்று மீன் பெயர் சொல்லும்போது குரலின் அடித்தடிப்பு பெருகி, வால்வுக்குள் போய்ச் சேறாகிவிட்டது. "வெத்தில போட்ட வாயால கதைக்குது மாஸ்டர்" என்றேன். பிறகு குறைத்துப் பிரயோசனம் இல்லை, சேறு கலந்த தண்ணீரை வடிக்கிற கதைதான். உடைவதற்கு முதலே தடிப்பைக் குறைக்க வேண்டும். இரண்டு பாதிக்கும் நடுவில் இருந்த கப்பாசிற்றரைச் சின்னதாக மாற்றினார். சேறு தெளிந்தது. பிறகு வால்வின் காலில் இருக்கிற றெசிஸ்டரை மாற்றி மாற்றி வைத்து, எந்த இடத்தில் குனியத் தொடங்க வேண்டும் என்று தேடினார். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் என்ன கேட்கிறது என்று கேட்பார், நான் சொல்லுவேன். ஒன்றில் மூக்கு, ஒன்றில் மணல். கடைசியில் ஒன்றில் மூக்கும் இல்லை, மணலும் இல்லை. "மனிசன் கதைக்கிற மாதிரிக் கேக்குது" என்றேன். வைத்துவிட்டார்.

கரண்ட் போனால் வால்வு அணைந்துவிடும், அதனால் மைக்கை நேரே செற்றுக்கு மாற்றிவிட ஒரு சுவிச்சும் போட்டோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சனம் கலைந்த பிறகு பள்ளியில் பூட்டினோம். இனி மோதினாருடைய குரலில் அளவு பார்க்க வேண்டும். மாஸ்டர் பாங்கு சொல்லச் சொன்னார்.

"நேரம் இல்லாத நேரத்தில பாங்கு சொல்ல ஏலா. அது விளையாட்டில்ல தம்பி."

கோனின் வயரைக் கழற்றிவிட்டோம், வெளியே கேட்காது, நாங்கள் ஹெட்ஃபோனில்தான் கேட்போம் என்று சொல்லிப் பார்த்தோம். மனிதர் அசையவில்லை. மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"அப்ப, மீன் பேரச் சொல்லுங்களன் மோதினார்" என்றார் மாஸ்டர்.

"மீனா?"

"ஓம். சைக்கிள்ல கொண்டு போகக்குள்ள எப்பிடிக் கூப்பிட்ட நீங்க? அதே மாதிரி. வலப்பக்கமும் இடப்பக்கமும் கிறுகிக் கிறுகி."

முதல் தடவையாக மோதினார் வாய்விட்டுச் சிரித்தார். மைக்குக்கு முன்னால் வந்து தொண்டையைச் செருமினார். பிறகு ஒரு பிடி பிடித்தார் பாருங்கள்.

"சூடை! பாரை! கீரி மீன் இரிக்கி! அறக்குளா... அறக்குளா!"

வலப்பக்கம் ஒரு சூடை, இடப்பக்கம் ஒரு பாரை. காதில் ஹெட்ஃபோனோடு நான், குமிழில் கையோடு மாஸ்டர். நேரே சொன்னது குனிந்தது, திரும்பிச் சொன்னது நிமிர்ந்தது, இரண்டும் ஒரு மட்டத்துக்கு வந்துகொண்டிருந்தன. மனிதரோ நிறுத்துவதாக இல்லை. முப்பது வருடத்துக்கு முந்திய தெருக்கள் எல்லாம் அவர் கண்ணுக்குள் ஓடியிருக்க வேண்டும்.

"முகம் கிறுகினா சூடைட சீற்றம் மங்குது மாஸ்டர். கூர்மையக் கூட்டட்டா?"

கூட்டிப் பார்த்தோம். நேரே சொன்ன சூடை ஊசியாகக் குத்தியது. மாஸ்டர் பழைய இடத்துக்கே குறைத்தார்.

"விடு கபூர். அளவு ஒண்டாகினாக் காணும். மனிசன் கிறுகிறார் எண்டா கிறுகினது கேக்கத்தானே வேணும்."

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு நான் வெளியே வந்த நேரம் பள்ளியின் கேற்றடியில் ஒரு குரல் கேட்டது. இரண்டு வளவுக்கு அப்பால் இருக்கிற ஒரு தாய் கையில் சட்டியோடு வந்து நிற்கிறார்.

"கீரி மீன் எண்டு கேட்டுது, மீன்காரன் எங்க? எந்தப் பக்கம் போன?"

மரைக்கார் அங்கேதான் குடையோடு நின்றார். கூரையில் இருந்து கழற்றிய வயரைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். ஜன்னலுக்குள் இன்னும் அறக்குளா விற்றுக்கொண்டிருந்த மோதினாரைப் பார்த்தார்.

"கோன் இல்லாமத்தான் இந்தச் சத்தமா?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம் மரைக்கார்."

அவர் சட்டிக்காரத் தாயிடம், "மீனில்ல புள்ள, அது நம்மட மோதினார்" என்றார். பொடியனுக்கு என்ன சொல்லி அனுப்பினாரோ எனக்குத் தெரியாது. அந்த நோன்புக்கும் அதற்குப் பிறகு பல நோன்புகளுக்கும் மீராலெப்பை மோதினார்தான் பாங்கு சொன்னார்.

எல்லாம் முடிந்து மாஸ்டர் சுண்ணாம்பு தேடிக்கொண்டிருக்கும்போது மோதினார் பிஸ்கற் ரின்னுக்குக் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

"தம்பி, ஊருக்குக் கேக்கப்போறது என்ட சத்தமா, பெட்டிட சத்தமா?"

மாஸ்டர் பொய் சொல்கிற ஆளில்லை.

"உங்கட சத்தம்தான். நீங்க நேர சொல்லக்குள்ள பெட்டி அதக் கொஞ்சம் அமத்திப் பிடிக்கும், அந்த நேரம் சத்தம் கொஞ்சம் தடிக்கும். அந்தத் தடிப்பு மட்டும் பெட்டிட."

மோதினார் நிமிர்ந்தார். "தடிச்சாப் பரவால்ல. நான் சொல்லாத ஒண்ட அது சொல்லப்படா."

"சொல்லாது."

"அப்ப சரி."

இரண்டு குமிழுக்கும் பொட்டு வைத்தார் மாஸ்டர். கோனின் வயரை நான் பூட்டினேன். ஸஹ்றாவின் கேள்விக்கு என் பதில் அன்றைய அஸர் என்கிற பின்னேரப் பாங்கில்தான் இருக்கிறது.

அஸருக்கு மாஸ்டர் என்னைத் தறிக் கொட்டிலுக்கு அனுப்பினார். "குறை சொன்ன இடத்தில போய் நிண்டு கேளு." நான் வாசலில் நின்றேன். தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. பரீதா ராத்தா என்னைக் கண்டதும் தறியை இன்னும் வேகமாக மிதித்தார்.

முதல் "அல்லாஹு அக்பர்" வந்தது. தடித்து, உருண்டு, எங்கும் உடையாமல் வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்கள். சாட்சி சொல்கிற வரிகள் வந்து போயின. அடுத்தது அந்த இடம். மிதிபலகையில் வைத்த கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஹய்ய அலஸ் ஸலாஹ்."

ஒரு காலும் அசையவில்லை. அளவு இறங்கவில்லை. ஆனால் குரலின் நிறம் ஒரு துளி மாறியது. கூர்மை கொஞ்சம் மங்கி, பக்கவாட்டில் இருந்து கேட்கிற மாதிரி வந்தது. நாங்கள் திருத்தாமல் விட்டதுதான் அது.

பரீதா ராத்தா நெய்த துணியில் கையை வைத்தபடி மெதுவாகச் சொன்னார். "வாப்பா கிறுகிட்டார்."

ராத்தாவின் முகமும் வலப்பக்கம் திரும்பியிருந்தது.